எங்க ஊர் மைக்செட்டும் ஒரு வால்வு பெட்டியும்

வால்வு ஆம்ப்ளிஃபையர்னு சொன்னா டவுன்ல இருக்கிற பிள்ளைகளுக்கு எலக்ட்ரிக் கிட்டார்தான் நினைவுக்கு வரும். வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் ஐம்பது வயசு தாண்டினவங்களுக்குக் காதுகுத்து வீடு நினைவுக்கு வரும். வேப்பமரத்துல கட்டின குழாய், கீழே கயித்துக் கட்டில், கட்டில் மேல ஒரு இரும்புப் பெட்டி, பெட்டிக்குள்ள செவப்பா எரியுற கண்ணாடிக் குடுவைங்க. லண்டன்ல ராக் பாட்டுக்காரங்க வச்சிருந்த பெட்டியும் எங்க பக்கத்து மைக்செட்காரங்க வச்சிருந்த பெட்டியும் பிரிச்சுப் பார்த்தா அண்ணன் தம்பிதான். போன வருஷம் அப்படி ஒரு பெட்டியைப் பழுது பார்த்துப் பேச வச்சோம். அதைச் சொல்லணும்னா அது எங்க ஊருக்குள்ள எப்படி வந்துச்சுன்னும் சொல்லணும்.

முதல்ல வால்வுன்னா என்ன? எனக்கு இது விளங்கினது மடையை வச்சுத்தான். பெரியாறு வாய்க்கால்ல தண்ணி நிறைஞ்சு நிக்கும். மடைப் பலகையை ரெண்டு விரக்கடை தூக்கினா வயல் முழுக்கப் பாயும். தூக்குற பலம் கொஞ்சம், பாயுற தண்ணி ஏராளம். வால்வுக்குள்ள நடக்கிறதும் அதுதான். காத்தை உறிஞ்சி எடுத்த குடுவைக்குள்ள ஒரு கம்பி சூடாகும். அந்தச் சூட்டுல கிளம்புற எலக்ட்ரானை வெளிப்பக்கம் இருக்கிற தகடு 400 வோல்ட் போல வச்சு இழுக்கும். ரெண்டுக்கும் நடுவுல கம்பி வலை ஒண்ணு இருக்கும், கிரிட்னு பேரு. மைக்ல இருந்து வர்ற துளிக்கரண்ட் அந்த வலையில ஏறி இறங்கினா, பின்னாடி ஓடுற பெரிய கரண்ட்டும் அதே மாதிரி ஏறி இறங்கும். 1904-ல் இங்கிலாந்துல ஃப்ளெமிங் முதல் வால்வைச் செஞ்சார். 1906-ல் அமெரிக்காவுல லீ டி ஃபாரஸ்ட் நடுவுல அந்த வலையைச் சேர்த்தார். அந்த வலை வந்த பிறகுதான் சின்னச் சத்தத்தைப் பெரிய சத்தமாக்க வழி பிறந்துச்சு. அமெரிக்காக்காரன் இதை டியூப்னு சொல்றான். பிரிட்டிஷ்காரன் சொன்ன வால்வுங்கிற பேர்தான் நமக்கு ஒட்டிக்கிச்சு. மடைக்காரனுக்கும் அதுதான் பொருத்தமான பேர்.

மைக் வர்றதுக்கு முன்னாடி மதுரையில கூட்டம் கூடாமலா இருந்துச்சு? சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையிலதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பிச்சார். அந்தக் காலத்து நாடகக்காரருக்குத் தொண்டைதான் சொத்து. விடிய விடியப் பாடணும், கடைசியில சாக்கு விரிச்சு உக்காந்திருக்கிறவன் காதுலயும் விழணும். அதனாலதான் எடுத்த எடுப்புலேயே உச்ச ஸ்தாயிக்குப் போவாங்க. கிட்டப்பா 27 வயசுல 1933-ல் போய்ச் சேர்ந்தார். அவர் குரலைப் பத்தி எங்க தாத்தா தலைமுறை பேசினது எல்லாம் அது எத்தனை தூரம் கேட்டுச்சுங்கிறதைப் பத்தித்தான். காந்தி 1921 செப்டம்பர் 22-ல் மதுரை மேலமாசி வீதி வீட்டுல சட்டையை விட்டுட்டு வேட்டிக்கு மாறினபோது, இந்தப் பக்கம் பொதுக்கூட்டத்துல மைக் கிடையாது. முன்வரிசைக்காரன் கேட்டுட்டுப் பின்வரிசைக்காரனுக்குச் சொல்லணும்.

அமெரிக்காவுல ஜென்சன், பிரிதாம்னு ரெண்டு பேர் 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்துக்கு முன்னாடி பெரிய கூட்டத்துக்குக் குழாய் வச்சுப் பேச்சும் பாட்டும் கேக்க வச்சாங்க. நம்ம நாட்டுக்குள்ள அது பெருசா வந்தது காங்கிரஸ் மாநாடுகளோடதான். நேருவும் காந்தியும் பேசுற பழைய போட்டோக்கள்ல மைக் மேல 'சிகாகோ ரேடியோ'ன்னு எழுதியிருக்கும், பார்த்திருப்பீங்க. பேர்தான் சிகாகோ, கம்பெனி மோட்வானி குடும்பத்தோடது, நம்ம நாட்டுக்காரங்கதான். டெல்லியில அகூஜா கம்பெனி 1940-ல் தொடங்குச்சு. இன்னைக்கும் எங்க பக்கம் ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு பேரே அகூஜாதான்.

கிராமத்துக்குள்ள வந்தப்ப கரண்ட்டே கிடையாது. கார் பேட்டரியை மாட்டு வண்டியில வச்சு ஓட்டிக்கிட்டு வருவாங்க. பேட்டரியில இருக்கிறதோ 6 வோல்ட், இல்ல 12 வோல்ட். வால்வுக்கு நூத்துக்கணக்குல வேணும். நடுவுல வைப்ரேட்டர்னு ஒண்ணு வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கிட்டே வோல்ட்டைக் கூட்டிக் கொடுக்கும். காமராஜர் காலத்துல கம்பம் நட்டுக் கிணத்து மோட்டாருக்குக் கரண்ட் வந்த பிறகுதான் மைக்செட் பெருகுச்சு. பஞ்சாயத்து ரேடியோவும் அப்பத்தான் வந்துச்சு. சாயங்காலம் திருச்சி வானொலியில விவசாய நிகழ்ச்சியைக் குழாய்ல விடுவாங்க. தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்'னே பேர் வந்துச்சு, வானொலி சொல்லிக் கேட்டு நட்டதால. ஒரு குழாய் நெல்லுக்குப் பேர் வைக்கிற அளவுக்கு இருந்துச்சுன்னா அதோட செல்வாக்கைப் பார்த்துக்கோங்க.

கம்பெனி செட் விலை எல்லாருக்கும் கட்டுபடியாகாது. மதுரை டவுன்ல ரேடியோ மெக்கானிக்குங்க சொந்தமாவே ஆம்ப்ளிஃபையர் கட்டிக் கொடுத்தாங்க. 'அசெம்பிள் செட்'னு பேரு. இங்கிலாந்துல பிலிப்ஸுக்குச் சொந்தமான முல்லார்டு கம்பெனி 1959-ல் ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட் எல்லாம் போட்டு ஒரு புத்தகமே விட்டுச்சு. வால்வு விக்கணும்னா சர்க்யூட்டைச் சும்மா கொடுக்கணும்ங்கிறது அவங்க வியாபாரம். பெங்களூர்ல 1954-ல் ஆரம்பிச்ச அரசு கம்பெனி பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1961 வாக்குல அதே பிலிப்ஸோட சேர்ந்து ரேடியோ வால்வு செய்ய ஆரம்பிச்சுச்சு. மிலிட்டரிக்குத் தளவாடம் செய்ய வந்த கம்பெனி செஞ்ச வால்வு எங்க ஊர் மாரியம்மன் பொங்கலுக்குப் பாடுச்சு.

இதே நேரத்துல லண்டன்ல நடந்ததும் இதுதான். ஜிம் மார்ஷல்னு ஒருத்தர், டிரம் வாசிக்கிறவர், இசைக்கருவிக் கடை வச்சிருந்தார். அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியோட பேஸ்மேன்ங்கிற கிட்டார் பெட்டி இறக்குமதியில விலை ஜாஸ்தி. 1962-ல் கடை மெக்கானிக்கை வச்சு, உள்ளூர்ல கிடைச்ச வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் போட்டு அதைப் பார்த்து ஒண்ணு கட்டினார். அதுவும் ஒரு அசெம்பிள் செட்தான்! அதுக்குப் பிறகு மார்ஷல் உலகப் பேராயிருச்சு. மதுரை டவுன்ல கட்டினவங்க பேர் பெட்டியோட அடித்தகட்டுல பெயிண்ட்ல எழுதினதோட நின்னுபோச்சு.

சரி, எங்க ஊர் விஷயத்துக்கு வர்றேன். டவுன்ல இருந்து படிக்கிறவங்களுக்கு மைக்செட்னா பாட்டு, திருவிழா, பழைய நினைவுன்னு இனிப்பாத்தான் தெரியும். சீர்காழி கோவிந்தராஜனோட பிள்ளையார் பாட்டுல ஆரம்பிச்சு, டி.எம். சௌந்தரராஜன், எல்.ஆர். ஈஸ்வரி, மத்தியானம் 'திருவிளையாடல்' கதை வசன ரெக்கார்டுன்னு போகும். மாமன் சீர் என்ன, மொய் எவ்வளவுன்னு மைக்ல வாசிக்கிறதை ஊரே காது கொடுத்துக் கேக்கும். எல்லாம் உண்மைதான். ஆனா குழாய் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுறதுங்கிறது எங்க பக்கத்துல சின்ன விஷயம் இல்ல. ஊர்த் திருவிழாவுக்குக் கட்டின குழாய் நாலு திசையும் பார்க்கும். காலனியில திருவிழான்னா குழாய் ஊரைப் பார்க்கக் கூடாது. எங்க ஊர்ல மைக்செட் வாடகைக்கு விட்டவர் காலனிக்குத் தர மாட்டார். கேட்டா 'அன்னைக்கு வேற இடத்துல புக்கிங்'ம்பார். அவரும் ஊர்ல பிழைக்கணும்ல, அதனாலன்னு சொல்லுவாங்க. எப்படிச் சொன்னாலும் இல்லைங்கிறது இல்லைதான். எழுபதுகள்ல இதை நான் சின்னப் பையனா பார்த்திருக்கேன். எண்பதுகள்ல பக்கத்து ஊர்கள்ல குழாய்ச் சண்டை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்ச் சமாதானம் பேசினதையும் பார்த்திருக்கேன்.

நாங்க பழுது பார்த்த பெட்டி காலனிக்காரர் ஒருத்தரோடது. 1974-ல் ஒரு எருமையையும் கன்னையும் வித்து மதுரையில ஒரு பழைய அசெம்பிள் செட்டும், ரெண்டு குழாயும், ரெக்கார்டு பிளேயரும் வாங்கினார். ரேடியோ வேலையையும் தானே கத்துக்கிட்டார். சுத்துப்பட்டுல ஒன்பது ஊர்க் காலனிகளுக்கு அவர் செட்தான் போச்சு. இறந்து பல வருஷம் ஆச்சு. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கார். பொங்கலுக்கு வந்தப்ப கொட்டகைப் பரண்ல இருந்து பெட்டியை இறக்கிக்கிட்டு என்கிட்ட வந்தார். மோட்டார், பம்புன்னு நான் எப்பவும் எதையாவது பிரிச்சுக்கிட்டே இருக்கிறது ஊருக்கே தெரியும்.

"பழைய இரும்புக்காரர் வந்து கேட்டார்ண்ணே. டிரான்ஸ்ஃபார்மர்ல செம்பு இருக்காம்" அப்படின்னார்.

"குடுத்துறலாம்னு இருக்கியா தம்பி?"

"மனசு வரலண்ணே. அப்பா இதை வாங்கினது பாட்டு கேக்க மட்டும் இல்ல. யார் வாசல்லயும் போய் நிக்கக் கூடாதுன்னுதான்."

அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல.

இப்படிச் செம்புக்காகச் செத்த பெட்டிங்க கணக்கு வழக்கில்ல. டிரான்சிஸ்டரை அமெரிக்காவுல 1947-லேயே கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா எங்க பக்கத்து மைக்செட்டுக்குள்ள அது நுழைஞ்சது எழுபதுகளோட கடைசியிலதான். 2என்3055-னு ஒரு டிரான்சிஸ்டர், ரெண்டு ஆணி வச்சு முடுக்குற இரும்புத் தொப்பி மாதிரி இருக்கும். பன்னெண்டு வோல்ட் பேட்டரியில நேரா ஓடும், சூடாக நேரம் கேக்காது, சைக்கிள் கேரியர்ல வச்சுக் கொண்டு போயிரலாம். வால்வு செட்டைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். லோ வோல்டேஜ்ல எல்லா மோட்டாரும் ஓடுற நேரம் வால்வு செட் மூச்சு வாங்கும். யார் வச்சுக்குவா? டிரான்ஸ்ஃபார்மரை உடைச்சுச் செம்பை எடைக்குப் போட்டாங்க.

பெட்டியை மதுரையில இருக்கிற ஒரு பழைய மெக்கானிக்கிட்ட கொண்டு போனோம். எழுபது தாண்டினவர், இப்ப கடை இல்ல, வீட்டுத் திண்ணைதான். அவர் கேட்ட முதல் கேள்வி, "கரண்ட் குடுத்தியா தம்பி?" இல்லைன்னேன். "அப்ப பிழைச்சுது" அப்படின்னார்.

காரணம் இருக்கு. முப்பது வருஷமா சும்மா கிடந்த செட்டுல எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் எல்லாம் உள்ளே காய்ஞ்சு போயிருக்கும். நேரா பிளக்கைச் சொருகினா அது ஷார்ட்டாகி பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கிட்டுப் போயிரும். அதனால சீரிஸ் போர்டு வச்சுத்தான் பார்க்கணும். வர்ற கரண்ட் ஒரு 100 வாட் குண்டு பல்பு வழியா செட்டுக்குப் போகும். பல்பு பிரகாசமா எரிஞ்சா உள்ளே ஷார்ட். மினுக்குன்னு எரிஞ்சு அடங்கினா நல்ல சகுனம். எங்க பல்பு பிரகாசமா எரிஞ்சுச்சு.

உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்துச்சு. ஒயர் மேல இருந்த ரப்பர் எல்லாம் போச்சு. கண்டன்சர் மொத்தத்தையும் மாத்தினோம். ஆனா மேலே நிக்கிற பழைய அலுமினிய டப்பாவை எடுக்காம அப்படியே விட்டு, புதுசை அடியில மறைச்சுப் போட்டார். பார்க்கப் பழைய மாதிரியே இருக்கும், வேலை புதுசு பார்க்கும். இதை ஏமாத்துன்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. கலப்பைக்குக் கொழு மாத்தினா அது வேற கலப்பையா? ஒரு வால்வுல இருந்து அடுத்த வால்வுக்குப் பாட்டைக் கடத்துற சின்னக் கண்டன்சர்களையும் விடல. அது கசிஞ்சா பெரிய வால்வோட கிரிட்டுக்கு வேண்டாத வோல்ட் ஏறும், மடைப்பலகை தூக்கின மேனிக்கே நின்ன மாதிரி, கரண்ட் பாய்ஞ்சு தகடு செவந்து வால்வு செத்துப் போகும். ரெசிஸ்டர்ல 100 கிலோ ஓம்னு கலர் போட்டது மீட்டர்ல 160 காட்டுச்சு. வயசானா எல்லாருக்கும் முறுக்கு ஏறும் போல.

பெரிய கஷ்டம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். பாதிச் சுத்து அறுந்திருந்துச்சு. மோட்டார் காயில் கட்டுற என் சிநேகிதர்கிட்ட போனேன். பம்புசெட் மோட்டாரைக் கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுவார். ஆனா இது வேற. வால்வுப் பக்கம் போற மெல்லிய கம்பியும், குழாய்ப் பக்கம் போற தடிக் கம்பியும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கு மாத்தி மாத்திப் போகணும். இல்லைன்னா உச்ச ஸ்தாயி செத்துரும், பாட்டு போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கும். பழைய சுத்தை ஒவ்வொண்ணா அவுத்து, எண்ணி, அடுக்கு வரிசையை நோட்டுல எழுதி, அதே மாதிரி கட்டினார். அவுக்க மட்டும் ரெண்டு நாள். கூலி சொல்லவே மாட்டேன்னுட்டார், பிறகு ஒரு மூட்டை நெல்லுக்குச் சம்மதிச்சார்.

வால்வு கதை சுவாரசியம். முன்னாடி இருக்கிற சின்ன வால்வு இ.சி.சி.83, மேலே பெங்களூர் பி.இ.எல். முத்திரை அழியாம இருந்துச்சு, இன்னும் நல்லா வேலை செய்யுது. பெரிய வால்வு இ.எல்.34 ரெண்டுல ஒண்ணைக் காணோம், இன்னொண்ணு உள்ளே காத்து புகுந்து வெள்ளை பூத்துப் போயிருந்துச்சு. புதுசு எங்க கிடைக்கும்? உலகத்துல இன்னைக்கு இந்த வால்வு ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனான்னு விரல்விட்டு எண்ணுற இடங்கள்லதான் தயாராகுது. யாருக்காக? பெரும்பாலும் கிட்டார்காரங்களுக்காக! 2022-ல் உக்ரைன் சண்டை வந்து ரஷ்யா கொஞ்ச நாள் வால்வு ஏற்றுமதியை நிறுத்தினப்ப அமெரிக்காவுல கிட்டார்காரங்க பதறினாங்க. அவங்க விடாம வாங்குறதாலதான் எங்க காலனி பெட்டிக்கும் ஸ்லோவாக்கியாவுல செஞ்ச ஜோடி வால்வு கிடைச்சுச்சு.

அவங்க ஏன் இன்னும் வால்வுல தொங்குறாங்க? தாங்குற அளவுக்கு மேல சத்தத்தை ஏத்தினா டிரான்சிஸ்டர் வெட்டுக்கத்தி மாதிரி சட்டுனு நறுக்கும். வால்வு மழுங்கலா, உருண்டையா உடைக்கும். அந்த உடைசல்தான் ராக் கிட்டாரோட உயிர். என் அக்கா மகன் காலேஜ்ல கிட்டார் வாசிக்கிறவன், வந்து மைக் சொருகுற இடத்துல கிட்டாரைச் சொருகினான். பாதிக்கு மேல திருகினதும் வந்த கதறல் எனக்குப் பழக்கமான கதறல். மொய் வாசிக்கிறவர் மைக்கைக் கடிக்கிற மாதிரி வச்சுக்கிட்டுக் கத்தினா எங்க ஊர்க் குழாய் அப்படித்தான் கதறும்.

கிட்டார்னதும் இன்னொண்ணு. பண்ணைப்புரம் அப்ப மதுரை மாவட்டம்தான். பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகள்ல பாடினவர், 1958 தேவிகுளம் இடைத்தேர்தல்ல தோட்டத் தொழிலாளிங்ககிட்ட பாடிப் பேர் எடுத்தவர். தம்பிகளும் கூடவே ஊர் ஊராப் போனாங்க. அதுல ஒரு தம்பிதான் இளையராஜா. 1976-ல் 'அன்னக்கிளி' வந்து எல்லாக் குழாய்லயும் அதுதான். ஆனா கூம்புக் குழாய்க்கு அடித்தொனி வராது. கணீர்னு இருக்கிற குரல்தான் அதுல எடுபடும், டி.எம்.எஸ். குரல் அதுக்குன்னே செஞ்ச மாதிரி. இளையராஜா பாட்டுல அடியில ஓடுற பேஸ் கிட்டாரை நாங்க பல வருஷம் கேக்கவே இல்ல. பெட்டி ஸ்பீக்கர் வந்த பிறகுதான் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுச்சு.

இப்ப கூம்புக் குழாய்க்குப் போலீஸ் அனுமதி கிடைக்கிறதில்ல, பெட்டி ஸ்பீக்கர்தான். 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. நல்ல விதி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், படுக்கையில கிடக்கிற கிழவியும் குழாய்க்கடியில பட்ட பாட்டை நினைவுகள் எழுதுறவங்க யாரும் எழுதுறதில்ல.

சித்திரையில காலனிக் காளியம்மன் பொங்கலுக்குப் பெட்டியை ஓட்டினோம். பழைய ரெண்டு பின் ஒயரை எடுத்துட்டு எர்த்தோட மூணு பின் போட்டிருந்தோம், ஹீட்டர் ஒயரை முறுக்கிக் கட்டினதுல உறுமலும் அடங்கியிருந்துச்சு. வால்வு செட் சுவிட்சைப் போட்டதும் பாடாது. அரை நிமிஷம் சும்மா இருக்கும், பிறகு குடுவை செவந்து, எங்கேயோ தூரத்துல இருந்து நடந்து வர்ற மாதிரி பாட்டு மெல்ல ஏறி வரும். பிள்ளைங்க ரிப்பேர்னு நினைச்சுச் சிரிச்சாங்க, பெரியவங்க சிரிக்கல. ரெண்டு பெட்டி ஸ்பீக்கர்ல ஒண்ணை ஊரைப் பார்த்து வச்சிருந்தார் மகன். யாரும் வந்து ஒண்ணும் சொல்லல. பெட்டி இப்ப காலனி படிப்பகத்துல அலமாரியில இருக்கு, சாவி அவங்ககிட்ட.

உங்க வீட்டுப் பரண்ல இப்படி ஒண்ணு கிடந்தா தயவு செஞ்சு பிளக்கைச் சொருகிப் பார்த்துறாதீங்க. வேலை தெரியாம உள்ளே கையையும் விடாதீங்க, கரண்ட்டை எடுத்த பிறகும் கண்டன்சர்ல 400 வோல்ட் காத்துக்கிட்டு இருக்கும். தெரிஞ்ச ஆள் கிடைக்கிற வரைக்கும் எலி ஏறாத இடத்துல சாக்குச் சுத்தி வச்சிருங்க.